எட்டு வீட்டுத் தெருவின் ஒன்பதாம் விதி

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே, அம்மணி அவர்களே,

இதைக் கையிலெடுத்து வாசிக்க முன்வந்த தங்களுக்கு முதற்கண் என் வணக்கம். நான் கற்றறிந்தவன் அல்லன். பள்ளிக்கூடத்தின் உட்புறத்தை, அதற்குக் கூரை போட ஏறியபோது மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன். மளிகைச் சாமான் கட்டிவந்த காகிதங்களில் எழுத்தைக் கற்றேன். பழைய பத்திரிகைகளில் வாக்கியத்தைக் கற்றேன். ஓடு வேய்வது என் தொழில். ஆகவே ஓடு வேய்வது போலவே, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும்படி, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் சென்றது மலாயாவின் கெடா மாநிலத்திலுள்ள சுங்கைப் பட்டாணிக்கு. முப்பது ஆண்டுகள் வாழ்ந்த ஊர். என் மனைவி காலமான பிறகு வீட்டை மகன் முருகையன் பேரில் மாற்றிக் கொடுத்துவிட்டு, பினாங்கில் மகள் வீட்டோடு வந்து தங்கினேன். அப்போது அது அடுத்த ஊர். இப்போதோ யுத்தத்தில் நாட்டைப் பிடித்த ஜப்பானியர் கெடாவைச் சயாம் அரசிடம் ஒப்படைத்துவிட்டதால், அது அடுத்த தேசம். நான் குடிபெயரவில்லை, ஊர் என்னைவிட்டுக் குடிபெயர்ந்தது. இதன் நியாய அநியாயத்தை எடைபோடுவது என் நோக்கமன்று.

கரி லோரி ஓட்டும் ஒருவர் மூலமாக வந்த வாய்ச்செய்திதான் இப்பயணத்துக்குக் காரணம். அனுப்பியவள் எங்கள் தெருவிலுள்ள அஞ்சலை. "மேஸ்திரி மாமா மழைக்கு முன்னாடி வரணும். அவரு வந்தாத்தான் எங்க வீட்டுக்குக் கூரை." இவ்வளவே செய்தி.

அஞ்சலையின் கணவன் வீராசாமியும் என் மகன் முருகையனும் ஒரே லோரியில் சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிச் செல்லப்பட்டவர்கள். மூன்று மாத வேலை என்றார்கள். அதன்பின் ஒரு முழு மழைக்காலம் வந்து போய்விட்டது. இருவரிடமிருந்தும் ஒரு வரிகூட வரவில்லை.

முதல் நாள். பட்டர்வொர்த்திலிருந்து நான் ஏறிய லோரி கரிப்புகையில் ஓடுவது. பின்புறம் ஒரு பீப்பாய். அதில் கரி கனிந்தால் வண்டி நகரும், அணைந்தால் நாங்கள் நகர்த்த வேண்டும். ஏற்றம் வந்த இடங்களிலெல்லாம் இறங்கித் தள்ளினோம். என்னுடன் தள்ளிய சீனப் பெரியவர் மலாய் மொழியில் சொன்னதன் பொருள் இது: "முன்பு காசு கொடுத்து வண்டியில் போனோம். இப்போது காசு கொடுத்து வண்டியைக் கூட்டிக்கொண்டு போகிறோம்." மூச்சு வாங்கியதால் எவராலும் முழுமையாகச் சிரிக்க இயலவில்லை.

மூடா ஆற்றின் இக்கரையில் ஜப்பானியச் சிப்பாய்க்குத் தலை வணங்கினோம். அக்கரையில் சயாமியப் போலீஸ்காரர் மூட்டைகளைச் சோதித்தார். வடக்கிலிருந்து தெற்கே வருபவர்களிடம்தான் அரிசி தேடுவார்கள் என்பதால், தெற்கிலிருந்து சென்ற என் பையை அவர் ஆர்வமின்றித் துழாவினார். ஒரு வேட்டி, ஒரு சட்டை, என் பழைய ஓட்டுச் சுத்தியல், ஒரு நோட்டுப் புத்தகம். சுத்தியலைத் தூக்கி, இது எதற்கு என்று சைகையால் கேட்டார். கூரையைச் சுட்டலாமென்று பார்த்தேன். அங்கே கூரை ஏதுமில்லை. இரு கைகளையும் தலைக்குமேல் குவித்துக் காட்டினேன். கோயிலுக்குப் போகிறேன் என்று எண்ணிக்கொண்டாரோ என்னவோ, அவரும் கைகுவித்து வழிவிட்டார்.

பாக்கார் ஆராங்கில் கரி ஏற்றுவதற்காக லோரி நின்றது. அங்கிருந்து எங்கள் தெரு நடக்கும் தூரம். நடந்தேன்.

ஐயா, அந்த நடையைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதிக்க வேண்டும். ரயில்பாதையை ஒட்டிய வளைவு ஒன்று உண்டு. அவ்விடத்தில் மரங்கள் விலகி, எங்கள் எட்டு வீடுகளின் ஒரே கூரை ஒரு செந்நிறக் கோடாகத் தெரியும். முருகையன் தன் இருபத்து நான்காம் வயதிலும், வெளியூர் வேலை முடிந்து ரயிலில் திரும்பும்போதெல்லாம் அவ்வளைவு வருமுன்னரே எழுந்து வண்டி வாசலில் நிற்பான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நம்ம கோடு" என்பான். நானும் வேலைக் களைப்பை மறந்து எழுந்து பார்ப்பேன். அன்று தனியே நின்று பார்த்தேன். கோடு இருந்தது. நடுவில் மட்டும், பல் விழுந்த வாய் போல, கறுத்துக் கிடந்தது.

தெருமுனையில், நாங்கள் நானா என்று அழைப்பவரின் டீக்கடை. தேங்காய்ச் சில்லை வறுத்துப் பொடித்த ஒன்றைக் கோப்பி என்ற பெயரில் கொடுத்தார். மரவள்ளிப் புட்டு சூடாக இருந்தது. பினாங்கிலும் மரவள்ளிதான், ஆனால் அங்கே கிழங்கு வாடி வரும், இங்கே மண்மணம் மாறாமல் இருந்தது.

"பினாங்குல சீனி கெடைக்குதா மேஸ்திரி?" என்றார் நானா.

"பேச்சில் கிடைக்கிறது."

"இங்கே பேச்சுலயும் தீந்து போச்சு லா," என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி முருகையன்?" என்றார். செய்தி இல்லையென்று தலையசைத்தேன். அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

இரண்டாம் நாள் காலையில் கூரையைப் பார்க்கச் சென்றேன். அதற்குமுன் எங்கள் தெருவைத் தாங்கள் அறிய வேண்டும்.

தோட்ட லயங்களைவிட்டு வெளியேறிய எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய நிலம் அது. முதலில் நிப்பா ஓலையாலான அத்தாப்புக் கூரைதான் போட்டோம். மூன்றாம் வருடம் ஓர் அடுப்பிலிருந்து பறந்த பொறி, அரைமணி நேரத்தில் எட்டு வீடுகளையும் தின்றுவிட்டது. இரண்டாம் வீட்டுக் கோவிந்தனின் தாயார் உள்ளேயே இறந்துபோனார். சாம்பல் ஆறுவதற்குள் எட்டுப் பேரும் கூடி, இனி ஓலை இல்லை, சீமை ஓடுதான் என்று உறுதி செய்தோம். அதை விதிகளாக எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

எட்டு விதிகள் எழுதினேன். கூரை ஓட்டினால் மட்டுமே அமைய வேண்டும். முகடு எட்டு வீட்டுக்கும் ஒரே உயரத்தில் ஓட வேண்டும். வீட்டின் முன்னேயுள்ள அஞ்சடி நடைபாதையை ஒருவரும் அடைக்கலாகாது. முதல் வீட்டிலிருந்து எட்டாம் வீடுவரை மழையில் நனையாமல் நடக்க முடிய வேண்டும். முன்சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, ஜன்னல் பலகைகளுக்குப் பச்சை. மற்றவையும் இவ்வாறே. எட்டாம் விதிதான் இக்கட்டுரைக்குரியது: "தெருவின் தோற்றத்தை மாற்றும் எந்த வேலைக்கும் எட்டு வீட்டுக்காரரும் கையொப்பமிட வேண்டும். வீட்டுக்காரர் காலஞ்சென்றிருப்பின், அவருக்குரிய வாரிசு, 'காலஞ்சென்ற இன்னாருக்காக' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும்."

எழுதி முடித்தபோது, ஒரு சர்க்கார் கிராணியும் இதைவிடத் திருத்தமாக எழுதியிருக்க மாட்டான் என்று எனக்குள் பெருமை கொண்டேன். மனிதர் ஒன்று உயிரோடிருப்பர், அல்லது இறந்திருப்பர். மூன்றாவதாக ஒரு நிலை உண்டென்று அன்று எனக்குத் தெரியாது.

யுத்தத் தொடக்கத்தில், பக்கத்து விமானத் திடலில் குண்டு விழுந்த நாளில் மூன்றாம், நான்காம் வீடுகளின் ஓடுகள் குலுங்கி உடைந்தன. மூன்றாவது அஞ்சலையின் வீடு. நான்காவது என் மகனுடையது. அங்கே இப்போது சுங்கை லாலாங் தோட்டத்திலிருந்து வந்த இரு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டு ஆண்களும் சயாமுக்குப் போனவர்களே. இரண்டு மழைக்காலங்கள் அந்தக் கிழிசல் வழியாகப் பெய்துவிட்டன. ஏறிப் பார்த்தேன். ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டைகள் விரலால் அழுத்தினால் பொடிந்தன. இரு வீட்டுக்குமாக எஞ்சிய நல்ல ஓடுகள் பாதிக் கூரைக்கு மட்டுமே போதும். தெருவுக்குச் சாயும் முன்கூரை, அல்லது அடுப்பங்கரைப் பக்கம் சாயும் பின்கூரை, இரண்டில் ஒன்று.

கீழே அஞ்சலை நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும், அதற்குமேல் தெரிந்தாள். அவளுடைய இரு பெண் குழந்தைகளும் காய்ச்சலில் ஒரே சாக்கின்மேல் படுத்திருந்தனர். போன மழையில் இரவுகளில் அவர்களைச் சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி, நகர்த்த இடமில்லாமல் போயிற்றாம்.

"இன்னொரு மழைய இதுங்க தாங்காது மாமா," என்றாள். அழவில்லை. விறகு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"பாதிக்கு அத்தாப்பு போடலாம்," என்றேன் நான். "நல்ல ஓடுகளை எல்லாம் முன்கூரைக்கு மாற்றுகிறேன். அத்தாப்பு பின்னால் போகட்டும். தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோடு கோடாகவே இருக்கும்."

அவள் அடுப்பங்கரைப் பக்கம் கைகாட்டினாள்.

"பின்னால அடுப்பு இருக்கு மாமா."

ஐயா, நாற்பது ஆண்டுகள் கூரை போட்டவன் நான். தீயில் எரிந்த தெருவுக்கு விதி எழுதியவன். அந்த வாய் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாகாது. ரயிலிலிருந்து எது தெரியும் என்பதையே நினைத்து நின்ற எனக்கு, அத்தாப்பின் கீழே நெருப்பு எரியும் என்பது மறந்துபோயிற்று. வெட்கத்தால் சுத்தியலைப் பைக்குள் வைத்தேன். ஓடு அடுப்பின்மேல்தான் போக வேண்டும். ஓலை தெருவைப் பார்த்துத்தான் வர வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

"அதுக்குத்தான் எட்டுக் கையெழுத்து வேணும்ங்கறாரு கோவிந்தண்ணே," என்றாள் அவள். "அஞ்சு பேரு போட்டுட்டாங்க. அண்ணே, மத்த ரெண்டும் வந்தா தானும் போடறேன்னு சொல்றாரு. பாக் மாட் ஓலை முடைஞ்சு வச்சிருக்காரு. தாளு இல்லாம கூரையில கால வைக்க மாட்டேங்கறாரு. எழுதினவரு நீங்கதானே, நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

பாக் மாட் என்பவர் அத்தாப்பு வேயும் மலாய்க்காரர். மற்ற இரண்டு என்பவை வீராசாமியுடையதும் முருகையனுடையதும். அவர்களுக்காக வாரிசு கையொப்பமிட வேண்டுமானால், என்ன எழுதிக் கையொப்பமிட வேண்டுமென்பதை நானே விதித்திருக்கிறேன்.

"ஒரு நாள் பொறு, அம்மா. ஓடு கிடைக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன்," என்றேன்.

மூன்றாம் நாள், நானாவின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு சுங்கை லாலாங் பக்கம் சென்றேன். டயர் கிடைக்காத காலமாதலால், சக்கரத்தில் தோட்டத்து ரப்பர் நீர்க்குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி முடிச்சு ஒருமுறை சாலையைத் தட்டும். அந்தத் தட்டலோடு என் முதுகெலும்பும் பேசிக்கொண்டே வந்தது. பாதி வழியில் குழாய் அவிழ்ந்து சங்கிலியில் சிக்க, சைக்கிள் ஒருபுறமும் நான் மறுபுறமும் விழுந்தோம். அவ்வழியே வாழைத்தார் சுமந்து வந்த மலாய்க்காரர் ஒருவர் இறக்கி வைத்துவிட்டு, பேசாமல் முடிச்சைக் கட்டிக்கொடுத்தார். "வயசாளிக்கு எதற்கு இந்தக் குதிரை?" என்றார் தம் மொழியில். ஓடு தேடிப் போகிறேன் என்றேன். நல்ல வேளையாக அவர் சிரிக்கவில்லை.

அங்குள்ள தோட்டம் ஒன்றில் ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்துக்கு நானே ஒரு காலத்தில் சீமை ஓடு போட்டிருந்தேன். ஒரு மூலையை உருவிக்கொள்ள அனுமதி கிடைத்தாலும் போதும் என்பது என் கணக்கு. சென்றபோது புகைக்கூடத்தின்மேல் வானம்தான் இருந்தது. கைமரங்கள் மட்டும் மீன்முள்போல நின்றன.

"ஓடா?" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த காவற்காரர். "ஆளையே ஏத்திக்கிட்டுப் போயிட்டான், ஓட்டையா விட்டு வைப்பான்? போங்க பெருசு."

லயத்துப் பக்கம் நடந்தேன். ரப்பர் மரங்களில் பால் கட்டாத கிண்ணங்கள் கவிழ்ந்து கிடந்தன. மரங்களுக்கிடையே பெண்கள் மரவள்ளி நட்டிருந்தனர். ஆண் குரலே கேட்கவில்லை. முன்பு அந்த வேளையில் வேலை வாங்கும் தண்டலின் அதட்டலும், பால் வாளிகளின் ஓசையும், எவரேனும் எவரையேனும் பகடி பேசும் சத்தமும் கேட்கும். அமைதி நல்லதென்று எண்ணுபவர்கள், ஆட்கள் குறைந்துபோன லயத்தை ஒருமுறை சென்று பார்க்க வேண்டும்.

ஒரு பெண்மணி சுட்ட கிழங்கும் உப்பும் கொடுத்தார். நான் பினாங்கிலிருந்து வருவதறிந்து சுற்றிலும் நாலைந்து பேர் கூடிவிட்டனர்.

"சயாமுக்குப் போனவங்க யாராச்சும் அந்தப் பக்கம் வந்து எறங்குனாங்களா?"

"பெரிய ஆஸ்பத்திரியில கொண்டாந்து போட்டிருக்காங்கன்னு சொல்றாங்களே, மெய்தானா?"

"குட்டையா, கன்னத்துல மரு இருக்கும். பாத்திருந்தீங்கன்னா மறக்க மாட்டீங்க."

அதே கேள்விகளை அவர்களிடம் கேட்கலாமென்று நான் வைத்திருந்தேன். கேட்காமலே திரும்பினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஏறி மிதிக்க மனமில்லை. வழி நெடுக எனக்கிருந்த ஆசை ஒன்றே. அவன் எப்போது வந்தாலும், அவ்வளைவில் வண்டி திரும்பும்போது, வாசலில் நின்று பார்த்தால், அந்தக் கோடு அவன் விட்டுச்சென்றபடியே இருக்க வேண்டும். அவன் உடம்பு எப்படி மாறியிருக்கும் என்று தெரியாது. அவன் மனம் எப்படி மாறியிருக்கும் என்று தெரியாது. மாறாமல் வைத்திருக்க என்னால் முடிந்தது கூரை ஒன்றுதான். அதையும் மாற்றச் சொல்கிறார்கள். அதுவும் அவன் இல்லை என்று எழுதிக் கொடுத்து மாற்றச் சொல்கிறார்கள்.

அன்று மாலை மேற்கே மேகம் கறுத்தது. மழை பெய்யவில்லை. ஆனால் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தனர்.

நான்காம் நாள் முற்பகல், மூன்றாம் வீட்டின் முன் அஞ்சடியில் கூடினோம். வந்திருந்த வீட்டுக்காரர் ஐவரும், கோவிந்தனும், நானும், அஞ்சலையும். தமக்கு இதில் உரிமையில்லை என்று சொல்லிக்கொண்டே நானாவும் வந்து தூணோரம் நின்றார். பாக் மாட் தம் ஓலைக்கட்டுகளின்மேல் அமர்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்.

கோவிந்தனை யாரும் தவறாக எண்ணிவிடக் கூடாது. அவர் பிடிவாதக்காரர் அல்லர். ஓலைக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பார்வை விலகிச் செல்வதை நான் கண்டேன். இத்தெருவில் ஓலையின் கீழ் தாயைப் பறிகொடுத்தவர் அவர் ஒருவரே.

"மேஸ்திரி, நான் வேணாம்னு சொல்லல," என்றார். "புள்ளைங்க நனையறத நானும்தான் பாக்கறேன். ஆனா ஆளுக்கு ஆளு தன் இஷ்டத்துக்கு மாத்திக்கிட்டா அப்புறம் எதுக்கு விதி? இன்னைக்கு ஓலை, நாளைக்கு ஒருத்தன் அஞ்சடிய அடைப்பான். எட்டுப் பேரு பொறுப்பு ஏத்துக்கணும். அவ்ளோதான்."

"எட்டுப் பேருக்கு எங்கே போவது, கோவிந்தா?"

அவர் தயங்கினார். பிறகு தணிந்த குரலில், "விதியில இருக்கற மாதிரி எழுதிடுங்களேன். வெறும் தாளுதானே. நல்லபடியா வந்து சேந்துட்டா அடிச்சிட்டா போவுது," என்றார்.

அஞ்சலை விடுக்கென்று திரும்பினாள்.

"அண்ணே, ஒங்க வீட்ல அக்காவ வச்சு ஒங்க பேருக்கு அப்படி ஒரு தாளு எழுதிப் பாருங்க. வெறும் தாளுதானே. நாளைக்கு அடிச்சிடலாம்."

கோவிந்தன் தரையைப் பார்த்தார்.

"புள்ளைங்களுக்குக் கூரை வேணும். அதுக்காக அவரு செத்துட்டாருன்னு நான் கைநாட்டு வைக்க மாட்டேன். வச்சா அந்தக் கூரைக்குக் கீழ நான் எப்படிப் படுப்பேன்?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க புத்தகத்துல இருக்கறவனுக்கு ஒரு எடம் வச்சிருக்கீங்க. செத்தவனுக்கு ஒரு எடம் வச்சிருக்கீங்க. நம்ம ரெண்டு பேரு வீட்டு ஆளுக்கும் அதுல எடம் இல்லையே. அவரு எப்படி இருக்காருன்னு எனக்குத் தெரியாது. நான் காத்துக்கிட்டு இருக்கேன், அது தெரியும். தெரிஞ்சத எழுதுங்க."

ஐயா, என் நோட்டுப் புத்தகத்தை நான் திறந்தேன். இத்தனை ஆண்டுகளாக எட்டு விதிகளோடு நின்றிருந்த பக்கத்தில், கீழே வெற்றிடம் இருந்தது. எழுதினேன், எழுதியதை உரக்க வாசித்தேன்.

"ஒன்பதாம் விதி. வீட்டுக்காரர் தூரதேசம் சென்று, அவரைப் பற்றிய செய்தி கிட்டாதிருக்கும் காலத்தில், அவருக்காகக் காத்திருப்பவர் எவரோ அவர் கையொப்பமிடலாம்."

கோவிந்தன் யோசித்தார். "எத்தன நாளைக்குக் காத்திருக்கலாம்? விதின்னா ஒரு கெடு போடணும்ல மேஸ்திரி. ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு."

முறையான கேள்வி. நான் எழுதிய மற்ற விதிகள் பலவற்றில் கெடு உண்டு. சுண்ணாம்பு பூசுவதற்கும் கெடு போட்டவன் நான். பேனாவை மைக்கூட்டில் தோய்த்தேன். பிறகு, "இதற்குக் கெடு இல்லை" என்று சேர்த்தேன்.

அவர் மறுக்கவில்லை. ஆனால் வேறொன்று கேட்டார். "புது விதிய சேக்கறதுக்கே எட்டுக் கையெழுத்து வேணுமே? அந்த ரெண்டு பேரு கையெழுத்து இந்த விதி இருந்தாத்தானே செல்லும்?"

அவர் சொன்னதில் பிழையே இல்லை. தூணோரம் நின்ற நானா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கோழி மொதலா முட்டை மொதலா கதையாவுல போவுது. கோவிந்தண்ணே, முட்டைய கண்ணால பாத்து எத்தன மாசமாச்சு? மழை வந்தா எந்த விதியைக் கேட்டுப் பெய்யும்? போடுங்க லா."

முதலில் சிரித்தவர் கோவிந்தனே. சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு நிபந்தனை சொன்னார்: ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எந்நேரமும் நிறைந்த தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று நிற்க வேண்டும்; ஓடு கிடைக்கும் நாளில் ஓலை இறங்க வேண்டும். இரண்டையும் எழுதினேன். தாமே நோட்டை வாங்கி எல்லாருக்கும் முன்பாகக் கையொப்பமிட்டார்.

அஞ்சலைக்கு எழுதத் தெரியாது. கட்டைவிரலில் மை தடவினேன். வைக்குமுன், "மேல என்ன எழுதியிருக்கு, படிங்க," என்றாள். படித்தேன்: "வீராசாமிக்காகக் காத்திருக்கும் மனைவி அஞ்சலை." இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். ரேகை தெளிவாக விழும்படி அழுத்தி வைத்தாள்.

பிறகு என் முறை. நான் அதுவரை எத்தனையோ காகிதங்களில் கையொப்பமிட்டிருக்கிறேன். மேஸ்திரி என்றே இடுவேன். அன்று அச்சொல்லை எழுதவில்லை. "முருகையனுக்காகக் காத்திருக்கும் தகப்பன்" என்று எழுதி, கீழே என் பெயரை எழுதினேன்.

அன்றைக்கே வேலை தொடங்கியது. நல்ல ஓடுகளைப் பொறுக்கி அடுப்பங்கரைப் பக்கம் நான் வேய்ந்தேன். பாக் மாட் தெருப்பக்கம் ஓலை கட்டினார். அவர் வேலைமுறை எனக்கு அயலானது. அவர் பிரம்பால் கட்டுகிறவர், நான் கொக்கியில் மாட்டுகிறவன். முகட்டில் எங்கள் இருவர் வேலையும் சந்தித்தபோது, ஓலை ஓட்டின்மேல் ஏற வேண்டுமா, ஓடு ஓலையின்மேல் ஏற வேண்டுமா என்று வாதம் வந்தது. "தண்ணீர் எதன் மேல் ஓடினால் உனக்குக் கவலையில்லை?" என்று கேட்டார். ஓட்டின்மேல் என்றேன். "அப்படியானால் ஓடு மேலே," என்று முடித்துவிட்டார். ஒரே வாக்கியத்தில் விதி எழுதும் மனிதர்.

வேலை முடிந்த மறுநாள் விடியலில் முதல் மழை வந்தது. அஞ்சலையின் வீட்டு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஓட்டின்மேல் பெய்தால் மழை பேசும். ஓலையின்மேல் அது மூச்சுவிடுவது போலத்தான் கேட்கிறது. குழந்தைகள் இருவரும் வீட்டின் நடுவே, சுவரைத் தொடாமல், கைகால்களை அகல விரித்து உறங்கினர். அவள் அவர்களை எழுப்பாமல் சுற்றி நடந்து அடுப்பை மூட்டினாள்.

மழை விட்டபின் புறப்பட்டேன். ரயில்பாதை வளைவில் நின்று திரும்பிப் பார்த்தேன். பார்க்க வேண்டாமென்று எண்ணியிருந்தேன், இயலவில்லை. செந்நிறக் கோட்டின் நடுவே பழுப்பாக ஓர் ஒட்டு. ஒரே முகடு அங்கே இரண்டு விரற்கடை தூக்கியிருக்கிறது. அது எங்கள் தெருவாகத் தெரியவில்லை. அதைக் கட்டிய எனக்கே தெரியவில்லை.

ஆற்றுக்கு இக்கரை திரும்பும்வரை இதையே எண்ணிக்கொண்டு வந்தேன். முருகையனோ வீராசாமியோ வரும் நாளில், வண்டி வாசலில் நின்று தேடுவார்கள். அந்தக் கோடு தெரியாது. தெரு எரிந்துபோயிற்று, அல்லது வேறு யாரோ குடியேறிவிட்டார்கள், எதிர்பார்க்க ஒருவருமில்லை என்று எண்ணி, வண்டியிலேயே அமர்ந்து அடுத்த ஊருக்குப் போய்விடக்கூடும். கூரையால் சொல்லக்கூடியதை இனி எழுத்தால்தான் சொல்ல வேண்டும். அதற்காகவே பினாங்கு வந்து சேர்ந்ததும் இதை எழுதினேன். படி ஒன்றை நானாவின் கடைக்கு அனுப்புகிறேன். மற்றொன்று தங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே, ஐயா, அம்மணி, இதைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள். சயாமிலிருந்து திரும்பும் எவரேனும், சுங்கைப் பட்டாணியில் ஓட்டுக்கூரை போட்ட எட்டு வீட்டுத் தெரு எங்கே என்று தங்களைக் கேட்டால், நடுவில் ஓலை போட்டிருப்பதுதான் அது என்று சொல்லி, இதைக் காட்டுங்கள்.